ஏழுக்கு ஒன்று

ஆனையூர், மதுரை
12.1.2025

அன்பு மருமகள் ரோகிணிக்கு,

தாய்மாமன் நல்லகாமன் எழுதுவது. இங்கே நானும், சுவரில் குடியிருக்கும் இரண்டு பல்லிகளும் நலம். உன் அத்தை முத்துமீனா, மகளின் பிரசவத்துக்காகத் திருப்பூர் போய்ப் பதினேழு நாளாகிறது. அன்றிலிருந்து என் சமையல்தான். பல்லிகள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டன. கோயம்புத்தூரில் நீ எப்படி இருக்கிறாய்? உங்கள் ஹாஸ்டல் சாம்பாரை இன்னும் சாம்பார் என்றே சொல்கிறார்களா?

உன் கடிதமும் கூட வந்த இருபத்திரண்டு கேள்விகளும் கிடைத்தன. போனில் பேசினால் நீ குறிப்பெடுப்பதற்குள் நான் மதுரையில் ஆரம்பித்து இமயமலையில் போய் நிற்கிறேன், ஆகவே எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். நியாயமான குற்றச்சாட்டுதான். ஆனால் நான் காசியைத் தாண்டியதில்லை.

நீ கேட்பதை நான் புரிந்துகொண்ட விதம் இது. நீ வேலை பார்க்கும் நிறைமதி லேப் கம்பெனிக்கு ஊர் ஊராக ரத்தம் எடுக்கும் மையங்கள் இருக்கின்றன. அங்கே சேவை எப்படி என்று அளக்க ஓர் ஆள் வேண்டும். அவர் சாதாரண மனிதரைப் போலப் போய், ரத்தம் கொடுத்து, சொன்ன நேரத்தில் கவனித்தார்களா, அக்கறை காட்டினார்களா, இடம் சுத்தமா என்று ஒன்றிலிருந்து ஏழு வரை மார்க் போட வேண்டும். அவருக்கு ரகசிய வாடிக்கையாளர் என்று பெயர்.

மருமகளே, பூமி உருண்டையில் இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை. முப்பத்திரண்டு வருடம் டவுன் பஸ் கண்டக்டர். ஒருவன் படியில் கால் வைக்கும்போதே அவன் எந்த ஸ்டாப்பில் சீட்டு எடுக்காமல் இறங்குவான் என்று சொல்லிவிடுவேன். ஆனால் இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியுமே, என்ன செய்வது? மாறுவேடம்தான். கறுப்பு ஷூ ஒரு ஜோடி வாங்கிவிட்டேன். நேற்று அதைப் போட்டுத் தெருவில் ஒத்திகை பார்த்தேன். தெருநாய்கள் எழுந்து நின்று வழிவிட்டன. பக்கத்து வீட்டு சிவக்குமார் என்னைக் கலெக்டர் என்று நினைத்துக் குடிநீர்ப் பிரச்சினையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

கட்டளைக்குக் காத்திருக்கும்
நல்லகாமன்
ரகசிய வாடிக்கையாளர், வைகை வடகரை மண்டலம்


கோயம்புத்தூர்
20.1.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ரோகிணி வணக்கம். நான் நலம். அத்தையும் அண்ணியும் நலம் என்று போனில் சொன்னார்கள். உங்கள் உடம்பு எப்படி? பல்லிகளின் உடம்பைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு வேலைக்கு இரண்டு வேலையாக, உங்கள் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். ரிசல்ட் உங்கள் போனுக்கு மட்டும்தான் வரும். என்னால் இங்கிருந்து பார்க்க முடியாது. அதனால் எனக்கு எழுதிவிடுங்கள். நீங்கள் மூன்று வருடமாக டெஸ்ட் எடுக்கவில்லை என்று அம்மா கொட்டாம்பட்டியிலிருந்து தினமும் புலம்புகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆனையூர் மையத்துக்கு வாடிக்கையாளர்கள் ஏழுக்குப் போடும் மார்க் சராசரி 6.4. ஊரே மெச்சுகிறது. வாடிப்பட்டி மையத்துக்கு 2.3. தமிழ்நாட்டிலேயே கடைசி. மதுரை வட்டாரத்தில் ஒரு மையத்தை ஜூன் முடிவில் மூடப்போகிறார்கள். மார்க்கைப் பார்த்தால் அது வாடிப்பட்டிதான். அங்கே ஒரே ஓர் ஆள், சரண்யாதேவி என்ற டெக்னீஷியன். மையம் போனால் அவர் வேலையும் போகும்.

ஆனால் மாமா, ஒரு கணக்கு உதைக்கிறது. ஆனையூரில் போன வருடம் வந்தவர்களில் நூற்றுக்கு முப்பத்தொரு பேர்தான் இரண்டாம் முறை வந்தார்கள். வாடிப்பட்டியில் எண்பத்து நான்கு பேர். அத்தனை பேரும் திட்டுகிறார்கள், அத்தனை பேரும் திரும்பி வருகிறார்கள். எங்கள் வட்டார மேனேஜர் சாய்குமார் சார், "கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பும்மா" என்று சிரிக்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று தெரிய வேண்டும்.

இன்னொன்று. ரகசிய வாடிக்கையாளர் ஊழியரின் சொந்தக்காரராக இருக்கக் கூடாது என்று விதி. மதுரைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. நம் உறவை நான் படிவத்தில் எழுதவில்லை. ஜூலையில்தான் என்னை நிரந்தரம் செய்வார்கள். அதனால் யாரிடமும் மூச்சு விடாதீர்கள், எதையும் கூட்டி எழுதாதீர்கள்.

உங்கள்
ரோகிணி


ஆனையூர்
3.2.2025

மருமகளே,

நலம், நலமே விழைவு. உன் அத்தை போனில் என்னை ஒரு நாளைக்கு ஆறு முறை விசாரிக்கிறாள். ஆறு முறையும் ஒரே பதில்தான்: இரும்பு.

ஜனவரி 30 காலை ஷூவோடு ஆனையூர் மையத்துக்குள் நுழைந்தேன். கதவு தானாகத் திறந்தது. நான் பயந்துபோய் இரண்டடி பின்வாங்கினேன், அது மூடிக்கொண்டது. இப்படி நாலு தடவை இருவரும் மரியாதை செய்துகொண்டோம். உள்ளே ஏசி எம்புட்டுக் குளிர் என்றால், தொட்டியில் மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. ரம்யாஸ்ரீ என்று ஒரு பெண். "வணக்கம் சார், உட்காருங்க சார்" என்று அவள் சொன்ன சார்களைச் சேர்த்து வைத்தால் ஒரு பள்ளிக்கூடமே நடத்தலாம்.

வெறும் வயிறுதானா என்று கேட்டாள். நானும் ஆமாம் என்றேன். வழியில் இரண்டு உளுந்த வடையும் ஒரு டீயும் உள்ளே போயிருந்தது உண்மைதான். ஆனால் அவள் அவ்வளவு அழகாகக் கேட்கும்போது இல்லை என்று சொல்லி அந்த முகத்தை வாடவைக்க எனக்கு மனசு வருமா? சிரித்தபடியே எடுத்தாள். நாலே நிமிடம். இருபத்திரண்டு கேள்விக்கும் ஏழு. எட்டு இருந்தால் எட்டு.

ரிசல்ட் அன்று மாலையே போனுக்கு வந்துவிட்டது. அதை ஆராய்வது ரகசிய வாடிக்கையாளரின் அதிகார எல்லைக்குள் வராது என்பதால் விட்டுவிட்டேன். ஷூ லேசாகக் கடிக்கிறது. மாறுவேடம் என்றால் சில தியாகங்கள் இருக்கத்தானே செய்யும்.

உன் மாமன்


கோயம்புத்தூர்
11.2.2025

மாமா,

நலமா? ரிப்போர்ட் கிடைத்தது. பள்ளிக்கூடக் கணக்கை மட்டும் அடித்துவிட்டு மேலே அனுப்பினேன். சாய்குமார் சார் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

சர்க்கரை எவ்வளவு என்று எழுதவில்லையே. அடுத்ததில் எழுதுங்கள்.

வாடிப்பட்டிக்கு எப்போது போகிறீர்கள்? சாலைக்கு அந்தப் பக்கமே வேறொரு லேப் இருக்கிறதாம். கூட்டமே இருக்காதாம். அதை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்து காத்துக் கிடக்கிறார்கள்? பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அதுதான் எனக்கு முக்கியம்.

ரோகிணி


ஆனையூர்
26.2.2025

ஆராய்ச்சி அம்மையாருக்கு,

உடல்நலம் பரம சௌக்கியம். உன் அம்மாவிடம் சொல்லி, புலம்பலை வாரம் ஒரு நாளாகக் குறைக்கச் சொல்.

போகும் முன்பே மூன்று கொள்கைகள் வகுத்தேன். அங்கே ரத்தம் எடுத்தால் இனாமாகப் பருத்திப்பால் தருகிறார்கள். அல்லது அந்த சரண்யாதேவி வசியம் தெரிந்தவள். அல்லது வாடிப்பட்டிக்காரர்களுக்குத் திட்டு வாங்காமல் செரிக்காது. இந்த மூன்றோடு 24ஆம் தேதி காலை பஸ் ஏறினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே மையம். ஒரு மின்விசிறி. அது சுற்றுகிறதா, சுற்றுவதைப் பற்றி யோசிக்கிறதா என்று கண்டுபிடிக்கத் தனி ஆராய்ச்சி வேண்டும். பெஞ்சில் பதினான்கு பேர். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அந்த நேரத்தில் ஒரு சிறிய நாடே விடுதலை வாங்கியிருக்கலாம்.

சரண்யாதேவிக்கு நாற்பது வயதிருக்கும். ஒல்லி. கண்ணாடி. நான் உட்கார்ந்ததுமே சொன்னாள்:

"டீ குடிச்சிட்டு வந்திருக்கீக."

நான் சத்தியம் செய்யக் கையைத் தூக்கினேன்.

"இஞ்சி டீ. மீசையில ஏடு ஒட்டியிருக்கு. எந்திரிங்க. நாளைக்கு வெறும் வயித்துல வாரதா இருந்தா வாங்க."

மருமகளே, டிக்கெட் வாங்க வந்தவனைப் படியிலிருந்து இறக்கிவிட்டாள். பதினான்கு பேர் முன்னால். என் மீசையை அவமதித்தவர்கள் மதுரை சரித்திரத்தில் மூன்றே பேர். மற்ற இருவரும் என் மாமியாரும் நாவிதரும்.

வெளியே வந்து உன் வேலையைச் செய்தேன். பெஞ்சில் கடைசியாக மொக்கையன் என்று ஒரு விவசாயி. தென்னந்தோப்புக்காரர். அந்த அம்மாள் எப்படி என்று கேட்டதும், மடை திறந்தாற்போல வசவு. போன மாதம் இவரை மூன்று நாள் திருப்பி அனுப்பினாளாம். மகனுக்குப் போன் போட்டு இவர் மாத்திரை முழுங்குவதில்லை என்று கோள்மூட்டினாளாம். ஏழுக்கு எத்தனை தருவீர்கள் என்றேன். ஒன்று என்றார். எத்தனையாவது தடவை வருகிறீர்கள் என்றேன். விரலை மடக்கினார், ஒரு கை போதவில்லை. எதிர் லேப்புக்குப் போகலாமே என்றேன். அங்கே ஒருவர் வாசலில் நின்று வருவோர் போவோரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மொக்கையன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த ஊருய்யா?" என்று மட்டும் கேட்டார்.

பதினொரு பேரிடம் கேட்டேன். எட்டுப் பேர் ஒன்று, மூன்று பேர் இரண்டு. அத்தனை பேரும் பழைய ஆள்கள். பருத்திப்பால் கொள்கை செத்தது. வசியம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

குழப்பத்தில்
நல்லகாமன்


கோயம்புத்தூர்
6.3.2025

மாமா,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். அவர் ஏன் ஊரைக் கேட்டார்? அதில் ஏதோ இருக்கிறது.

இன்னொரு தடவை போங்கள். நிஜமாகவே வெறும் வயிற்றோடு. ரத்தம் கொடுத்தால்தான் ரிப்போர்ட் செல்லும்.

உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்டால் என் அம்மாவின் புலம்பலைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் கண்டக்டர் மருமகள். சில்லறை பாக்கி வைத்தால் மறக்க மாட்டேன்.

ரோகிணி


ஆனையூர்
19.3.2025

ரோகிணிக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல.

17ஆம் தேதி வெறும் வயிற்றோடு போனேன். ஐம்பது நிமிடம் காத்திருந்தேன். ரத்தம் எடுத்தாள். ஊசி குத்தியதே தெரியவில்லை, அதற்கு மட்டும் ஐந்து போட்டிருக்கிறேன். அதன்பிறகு நடந்தது வருமாறு.

நான் எழுந்து இரண்டடி வைத்ததும் பின்னாலிருந்து கத்தினாள். ஷூவைக் கழற்றச் சொன்னாள். முடியாது என்றேன். பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, என்னைப் பெஞ்சில் தள்ளி உட்காரவைத்து, தானே குனிந்து நாடாவை அவிழ்த்தாள். திண்டுக்கல் ரோட்டில் போகும் பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் கேட்கும் குரலில், எனக்கு மூளை இருக்கிறதா என்று கேட்டாள். வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டாள். கால் சம்பந்தமாக வேறு என்னவோ சொன்னாள். நான் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மரியாதை: ஒன்று. காத்திருக்கும் நேரம்: ஒன்று. இடம்: ஒன்று. பதினேழாம் கேள்வி, ஊழியர் தனி அக்கறை காட்டினாரா: ஒன்று. மற்றவை படிவத்தில்.

இதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்ட வேண்டிய அவசியத்தை அவள் வைக்கவில்லை.

நல்லகாமன்


கோயம்புத்தூர்
11.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். நீங்கள் பேரனைப் பார்க்கக்கூட இன்னும் போகவில்லை என்று அத்தை வருத்தப்பட்டார்கள். ஏன்?

உங்கள் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். ஒரு வார்த்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. சாய்குமார் சார் அதைக் கையில் வைத்துக்கொண்டே முடிவெடுத்துவிட்டார். வாடிப்பட்டி மையத்தை மூடும் நோட்டீஸ் நேற்று சரண்யாதேவியின் கைக்குப் போய்விட்டது. உங்கள் ரிப்போர்ட்டின் நகலும் கூடவே, பெயர் இல்லாமல். இன்னொரு குற்றமும் சேர்த்திருக்கிறார்கள். மார்ச் 28ஆம் தேதி மதியம் லீவு சொல்லாமல் மையத்தைப் பூட்டிவிட்டு எங்கேயோ போய்விட்டாராம்.

எல்லாரும் என்னைப் பாராட்டுகிறார்கள். எனக்கு நிம்மதி இல்லை. எண்பத்து நான்கு பேர் ஏன் திரும்பி வருகிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமலேயே ஒரு கதவை மூடுகிறோம்.

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். பதில் எழுதுங்கள்.

ரோகிணி


கோயம்புத்தூர்
28.4.2025

மாமா,

நாலு நாளைக்கு ஒரு தடவை "நலம்" என்று ஒரே சொல் மெசேஜ் வருகிறது. நீங்கள் ஒரு சொல்லோடு நிறுத்துகிற ஆள் இல்லை.

என்ன நடக்கிறது?

ரோகிணி


பெரியாஸ்பத்திரி, மதுரை
5.5.2025

ரோகிணிக்கு,

மாமா எழுதுகிறேன். நீ பயப்பட வேண்டாம், இப்போது தேறிவிட்டேன். மார்ச் 28லிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். வலது காலில் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள்.

நான் எழுதியதை நீ எப்போதும் பாதியாகக் குறைத்துத்தான் படிப்பாய். இதைக் குறைக்காமல் படி.

ஆனையூர் ரிசல்ட்டில் சர்க்கரை 340 என்று இருந்தது. வடையால் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குக் கீழேயே எங்கள் சேவை எப்படி என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் இருந்தது. ஐந்தையும் அமுக்கிவிட்டு மூடினேன். யாரும் அதன்பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஷூ கடித்த இடம் புண்ணாகியிருந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 17ஆம் தேதி என் சாக்ஸ் நனைந்திருந்ததை சரண்யாதேவி பார்த்திருக்கிறாள். அதனால்தான் ஷூவைக் கழற்றினாள். உள்ளே விரல் கறுத்திருந்தது. இன்றைக்கே ஆஸ்பத்திரி போகவில்லை என்றால் காலே போகும் என்றாள். அதைத்தான் நான் "வேறு என்னவோ சொன்னாள்" என்று எழுதினேன். என் ரிப்போர்ட்டில் பொய் ஒன்றும் இல்லை. ஷூவுக்குள் இருந்ததை மட்டும் எழுதவில்லை.

நான் ஆஸ்பத்திரி போகவில்லை. வீம்பு. பிரசவ நேரத்தில் திருப்பூரில் யாரும் பயப்படக் கூடாது என்பதும் உண்டு. ஆனால் முதலில் வீம்புதான். படிவத்தில் இருந்த நம்பருக்கு அவள் தினமும் கூப்பிட்டாள். பெயரைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். 28ஆம் தேதி காய்ச்சலில் யார் என்று தெரியாமல் எடுத்துவிட்டேன். ஸ்டாப் வந்துவிட்டது, இறங்குங்கள் என்று நான் உளறினேனாம். அவள் மையத்தைப் பூட்டிவிட்டு வாடிப்பட்டியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்தாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி சிவக்குமாரை எழுப்பி, இரண்டு பேருமாகத் தூக்கிப்போட்டுக்கொண்டு இங்கே வந்தார்கள். நீ எழுதிய குற்றம் அதுதான்.

ஏப்ரல் 13லிருந்து நாலு ஞாயிறும் கஞ்சியோடு வந்தாள். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டிவிட்டுப் போவாள். நேற்றும் வந்தாள். வேலை போகிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நேற்று, சிவக்குமார் சொல்லித் தெரிந்துகொண்டு உன் அத்தை திருப்பூரிலிருந்து வந்து, பூட்டிய வீட்டில் கிடந்த உன் இரண்டு கடிதங்களையும் கொண்டுவந்து தந்தாள். படித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அந்த ரிப்போர்ட்டை வாங்கிக் கிழித்துவிடு. வேறு எதுவும் கேட்கவில்லை.

மாமா


கோயம்புத்தூர்
21.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

காயம் முழுசாக ஆறிவிட்டதா? ஆஸ்பத்திரியில் உங்களை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு வந்த பிறகு பல நாள் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது சொல்ல விஷயம் இருக்கிறது.

கொடுத்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்க முடியாது. அது செல்லாது என்று ஆக்க ஒரே வழிதான் இருந்தது. சாய்குமார் சாரிடம் போய், எழுதியவர் என் தாய்மாமா, நான் மறைத்துவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு, "சொல்லாம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார். அதனால்தான் சொன்னேன் என்றேன். உங்கள் கடிதத்தையும் காட்டினேன். என்னை நிரந்தரமாக்குவதை ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டார்கள். ரிப்போர்ட் செல்லாமல் போயிற்று.

மறுபடி அளக்கப் புது ஆள் போட்டார்கள். யார் என்று எனக்கும் தெரியாது. மையத்துக்கு வருபவர்களிடமும் அதே படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். நான் ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். இருபத்திரண்டு கேள்விக்குப் பிறகு, மார்க் இல்லாமல் ஒரு கேள்வி: அடுத்த முறை எங்கே போவீர்கள், ஏன்? எழுதுவதற்கு நாலு வரி வெற்றிடம்.

வாடிப்பட்டிக்கு இந்தத் தடவையும் கடைசி இடம்தான் மாமா. 2.1. முன்னைவிடக் குறைவு. ஆனால் அந்த நாலு வரியை வாசியுங்கள். "கத்தும். ஆனா ஒரே குத்து." "டீ குடிச்சா கண்டுபிடிச்சிரும், ஏமாத்த முடியாது." "ரிசல்ட்டு வந்தா நமக்கு முன்னாடி அதுதான் பதறும்." "எதிர்த்த லேப்புல கேட்டதையெல்லாம் எடுப்பாக, இது வேணாம்னு சொல்லும்." உங்கள் மொக்கையன் எழுதியது இது: "நம்ம வீட்டுப் புள்ளைக்கு யாராச்சும் ஏழு போடுவாகளா? ஏழெல்லாம் வேத்தாளுக்குப் போடுறது."

அவர் ஏன் உங்கள் ஊரைக் கேட்டார் என்று இப்போது புரிகிறது. இந்த ஊரில் அளக்க நாங்கள் தப்பான கோலை எடுத்துப் போயிருக்கிறோம். ஆனையூரில் அந்த நாலு வரியை அநேகமாக எல்லாரும் காலியாக விட்டிருந்தார்கள்.

சாய்குமார் சார் எல்லாத் தாளையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். திங்கட்கிழமை வந்து, நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று கையெழுத்துப் போட்டார். மையம் இருக்கும். மார்ச் 28ஆம் தேதி விஷயத்துக்கும் மன்னிப்பு எழுதச் சொல்லிவிட்டார், எங்களை.

சரண்யாதேவியிடம் யார் எழுதியது என்று நாங்கள் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ரோகிணி


ஆனையூர்
6.7.2025

அருமை மருமகளுக்கு,

மாமனின் ஆசி. உடல்நிலை அறிக்கை, அத்தை மேற்பார்வையில் எழுதப்படுவது: கால் ஆறிவிட்டது. சர்க்கரை 142. செருப்பு ஆஸ்பத்திரியில் சொன்ன மெத்துச் செருப்பு. அதைப் போட்டு நடந்தால் எந்த நாயும் எழுந்து நிற்பதில்லை. சில நாய்கள் என்னைப் பார்த்துக் கொட்டாவி விடுகின்றன.

உனக்கு ஒரு வருடம் தள்ளிப்போனதை நினைத்து நான் அழுத கண்ணீரில் வைகையில் வெள்ளம் வந்திருக்க வேண்டும். அணைக்காரர்கள் சாமர்த்தியமாகத் தேக்கிவிட்டார்கள். உன் அத்தை இந்த வரியை அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை. பாதியாகக் குறைத்துப் படித்தாலும் மிச்சம் இருக்கும்.

கட்டாயம் இல்லை என்று எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமை வாடிப்பட்டிக்குப் போனேன். அத்தையும் கூட வந்தாள், டீக்கடைகளுக்கும் எனக்கும் நடுவில் நடந்தபடி. பெஞ்சில் பத்துப் பேர். என் முறை வருவதற்குள் என்ன சொல்வது என்று பதினெட்டு விதமாக ஒத்திகை பார்த்தேன். ஆபரேஷனுக்குப் போன அன்று இவ்வளவு வியர்க்கவில்லை.

அவள் என் கையில் ரப்பரைக் கட்டினாள். கட்டியதும் சொல்லிவிட்டேன். இனி ஓட முடியாது பார்.

"தாயி, ஒங்களுக்கு நோட்டீஸோட ஒரு ரிப்போர்ட்டு வந்துச்சுல்ல, பேரு போடாம. அத எழுதுனது நான்தான்."

அவள் நரம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள்.

"எப்பருந்து?"

"வந்த அன்னைக்கே. நான் ஷூவக் கழட்டுனது ஒங்க ஒருத்தருக்குத்தான். வேற யாரு எழுதுவா?"

நோட்டீஸ் அவள் கைக்கு வந்தது ஏப்ரல் பத்து. கஞ்சித் தூக்குவாளியோடு அவள் முதல் தடவை என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது ஏப்ரல் பதிமூன்று. அங்கே உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டேன். எத்தனை தடவை போட்டாலும் அதே விடைதான் வந்தது. அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுமா வந்தீக?" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு மேலாக, மூளை இருக்கிறதா என்று கேட்ட அன்று பார்த்த அதே பார்வை.

"ஒரு மார்க்குப் போட்டவுகன்னா புண்ணு ஆறாம விட்டுரவா? கைய அசைக்காதீக."

ஒரே குத்து. பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அன்புடன்
மாமன் நல்லகாமன்